எதிர்க்காற்று

மாலை நான்கு மணிக்குப் பல் டாக்டர் வீடு திரும்பியபோது, அவர் மனைவி சமையலறைத் தரையில் கிடந்தாள். மேசையில் பாதி குடித்த தேநீர். மூச்சு மட்டும் இழையோடிக்கொண்டிருந்தது.

5.20. மருத்துவமனைத் தாழ்வாரம்.

"டீயில விஷம். ரெண்டு மணிக்கு மேலதான் குடிச்சிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர். நரை கலந்த தலையும் அவசரமில்லாத குரலும் கொண்ட பெண்மணி. "கதவை யாரும் உடைக்கல. சாவி யார்கிட்டல்லாம் இருக்கு?"

"எங்க ரெண்டு பேர்கிட்ட. அப்புறம் என் மச்சினன்கிட்ட. ஆனா அவன் காலைலயே ஊருக்குப் பிளேன் ஏறிட்டானே!"

"அப்போ மிச்சம் நீங்கதான்."

மத்தியானம் முழுக்க டாக்டர் கிளினிக்கில் தனியாக இருந்தார். சாட்சிக்கு அங்கே பல்செட்டுகள்தான் உண்டு.

"மச்சினனைப் பத்திச் சொல்லுங்க."

"வீட்டுல கப்பல்காரன்னு கூப்பிடுவோம். சின்ன வயசுல கப்பல் வேலைக்குப் போனவன், மேற்கே அந்த ஊர்லயே தங்கிட்டான். போன வாரம்தான் முதல் தடவையா பிளேன்ல வந்தான். ஒன்பதே மணி நேரம், ஒரு தூக்கம் போட்டேன், வந்துட்டேன்னு சின்னப் பிள்ளை மாதிரி சொன்னான்."

"அக்காவும் தம்பியும் ஒத்துமையா?"

டாக்டர் தயங்கினார். "நாலு நாளா முகம் கொடுத்துப் பேசிக்கல. அன்னிக்கு ரெண்டு பேரும் கார்ல வெளிய போனாங்க. அவன்தான் ஓட்டினான். திரும்பி வந்தப்போ முன் விளக்கு உடைஞ்சிருந்தது. கேட்டதுக்கு வாயே திறக்கல."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். சைக்கிளில் போன ஒரு பெண்ணை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன காரை அவர் நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எத்தனை மணிக்கு பிளேன்?"

"காலைல ஏழு. நானே ஏர்போர்ட் வாசல்ல இறக்கிவிட்டேன். சாயங்காலம் நாலே முக்காலுக்குப் போன் பண்ணி, 'போய் இறங்கிட்டேன் அத்தான், அக்கா எங்கே'ன்னு கேட்டான்."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் விமான நிலையத்துக்குப் பேசிவிட்டு வந்தார்.

"அவர் எங்கேயும் இறங்கல. அந்தப் பிளேன் இப்பவும் கடல்மேலதான் பறந்துட்டிருக்கு. தரை தொட நம்ம நேரத்துக்கு ஆறு மணியாகும். உங்க மச்சினன் அதுல ஏறவே இல்ல."

"ஒன்பது மணி நேரம்தானே? தூரம் ஒண்ணுதானே?"

"தூரம் ஒண்ணுதான். ஆனா அவ்வளவு உயரத்துல காத்து மேற்கேயிருந்து கிழக்கே அடிக்குது. வரும்போது முதுகுல தள்ளிவிடும். போகும்போது முகத்துல அடிக்கும், பதினோரு மணி நேரம் ஆயிடும். என் பொண்ணு அந்த ஊர்லதான் இருக்கா. அவ போய் இறங்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. உங்க மச்சினன் வந்த கணக்கையே போகும்போதும் போட்டுட்டார். நாலு நாளைக்கு முன்னாடி சைக்கிள்ல போன ஒரு பொண்ணை மோதிக் கொன்னது உங்க கார்தான்; போலீசுக்குச் சொல்லிடுவேன்னு உங்க மனைவி சொல்லியிருக்கணும்."

"கடல்ல கிடந்தவனுக்குக் காத்து தெரியாதா மேடம்?"

"கடல்காத்து தெரியும். மேலயும் ஒண்ணு இருக்கும்னு நினைக்கல."

ஏழு மணிக்குள் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு விடுதியில் கப்பல்காரன் பிடிபட்டான். விஷப் புட்டி அவன் பையிலேயே இருந்தது.

"போன்ல, அக்கா ஆஸ்பத்திரில இருக்கான்னு நான் சொன்னதும் அழுதான் மேடம்" என்றார் டாக்டர். "நடிப்புன்னு தோணல."

"நடிப்பில்லாமலும் இருக்கலாம்."

"இவ கண்ணு முழிச்சதும், என் தம்பி பண்ணலன்னுதான் முதல்ல சொல்லுவா."

மறுநாள் காலை அவள் கண் திறந்தாள். கணவனைப் பார்த்தாள். காக்கி உடையைப் பார்த்தாள். தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த சைக்கிள் பொண்ணுக்கு வீட்டுல யார் இருக்காங்க?"

"அம்மா மட்டும்."

அவள் கண்களை மூடினாள். கணவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க. சொல்றேன்."