தொட்டித் தண்ணீரில் வரைந்த முகம்

எந்த ஊருக்குப் படம் வரையப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீரில்தான் வண்ணம் கரைப்பேன். மூணாறில் ஓடை, காசியில் கங்கை, ஒருமுறை இமயமலையில் உருகிய பனி. இருபது வருடமாக இது என் பிடிவாதம். வரையாமல் விட்ட ஊர் ஒன்றே ஒன்று. நான் பிறந்த மேல்விஷாரம்.

சென்ற வைகாசியில் அங்கே போனேன். அண்ணன் கார்முகிலனின் முகம் எனக்கு மறந்துகொண்டிருந்தது. முதலில் புருவம் போயிற்று, பிறகு மூக்கு. அவனுடைய ஒரே புகைப்படம் கழுத்தில் மாட்டியிருந்த கம்பெனி அட்டையில் இருந்தது. அதுவும் சிதையில் அவனோடு எரிந்துபோனது. அவன் செத்த இடத்தில் போய் உட்கார்ந்தாலாவது முகம் திரும்பி வராதா என்று ஒரு நப்பாசை.

மூடிக் கிடந்த தோல் தொழிற்சாலையின் கேட்டைக் காவலாளி ஹபீப் பாய் திறந்துவிட்டார். பின்பக்கம், அண்ணன் செத்த கழிவுத் தொட்டி. அடியில் கோடை மழைத் தண்ணீர் கறுத்து நின்றது.

“வரைஞ்சிக்கோம்மா. தொட்டித் தண்ணிய மட்டும் தொடாத” என்றார். “கழுவறதுக்குன்னு அன்னிக்கு மூணு பேரு எறங்குனாங்க. விஷவாயு. ஒருத்தரும் ஏறல.”

தலையாட்டினேன். அவர் பகல் தொழுகைக்குப் போனதும் கயிற்றில் குவளையைக் கட்டி இறக்கி மொண்டுகொண்டேன். பிடிவாதம் என்றுதான் சொன்னேனே.

உச்சி வெயில். ஒரு காக்கை கூட இல்லை. முதலில் வேப்பமரத்தை வரைந்தேன், பிறகு தொட்டியின் விளிம்பை. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை மெல்ல எழுந்தது. பன்னிரண்டு வருடமாக அங்கே ஒரு தோல்கூட வரவில்லை.

பிறகு புருவம் வந்தது.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. மூக்கு, அரும்பு மீசை, இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு. என் அண்ணன். அழுதுகொண்டே வரைந்தேன்.

வாய் மட்டும் திறந்திருந்தது.

மூடி வரைந்தேன்.

திறந்தது.

அவன் செத்த அன்று எனக்கு ஒன்பது வயது. சோற்றுத் தூக்கோடு வந்தேன். தொட்டிக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒளிந்திருந்து கூப்பிடுவதும், கிட்டே போனால் தண்ணீர் தெளிப்பதும் அவனுக்கு விளையாட்டு. புதுப் பாவாடை நனைந்துவிடுமே என்று தூக்கை விளிம்பில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படத்தின் வாயோரம் ஒரு சொட்டு வழிந்தது.

“பூங்கொழலி... சோறு எட்த்தாந்தியா?”

கிசுகிசுப்பாக, காதுக்கு மிக அருகில்.

இந்தத் தடவை நான் ஓடவில்லை. “தோ, வந்துட்டேண்ணா” என்றேன்.

“யார்கிட்டம்மா பேசற?” ஹபீப் பாய் திரும்பி வந்திருந்தார். குவளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “எட்த்துட்டியா?” என்று மட்டும் கேட்டார். ஆட்டோ வரும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.

சென்னை வீட்டில் படத்தைப் பிரித்தபோது அண்ணனின் வாய் மூடியிருந்தது. லேசாகச் சிரித்தான். தொட்டுப் பார்த்தேன்; நன்றாகக் காய்ந்திருந்தது. முப்பது வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில்தான் கவனித்தேன். அவனுக்கு இரண்டு பக்கமும், வெற்றுத் தாளில், அவன் வாய் இருக்கும் அதே உயரத்தில், இரண்டு ஈர வட்டங்கள்.

ஆறு மாதமாகியும் காயவில்லை. மின்விசிறிக்கு அடியில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். சுண்ணாம்பு வாடைதான் கூடியது.

அவனோடு இறங்கிய அந்த இரண்டு பேரை நான் பார்த்ததே இல்லை. பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்கும் சோறு கொண்டுவர யாராவது இருந்திருப்பார்கள்.

நேற்று படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, “நீங்க யாரு?” என்று கேட்டேன்.

இரண்டு வட்டங்களும் மெல்லத் திறந்தன.