மடித்திருந்த படுதா

கறுப்புப் படுதாவின் கிழிந்த ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் அக்கா.

"சீக்கிரம் கொடுக்கா. நீ தைக்கிற வேகத்துக்குச் சூரியனே இறங்கிடும்" என்றான் தம்பி.

"இறங்கினா உனக்குப் படுதாவே தேவையில்லையே. நல்லதுதானே?"

அவன் சிரித்தபடி அதை மடித்துப் பைக்குள் திணித்தான். மின் வேலைக்காரன். கம்பத்திலும் கூரையிலுமே பாதி நாள் கழிவதால் எல்லோருக்கும் அவன் குருவி. சூரியத் தகடுகளின் ஒயரில் கை வைப்பதற்கு முன் படுதாவை விரித்து அவற்றை மூடிவிடுவான். மெயினை அணைத்தால் கட்டடம் அணையும், சூரியன் அணையாதே என்பான்.

"இன்னிக்காவது புதுப் பள்ளிக்கூடத்துல லைட் எரியுமாடா?"

"எரிஞ்சா நானே முதல் ஆளா கைதட்டுறேன்."

அன்று மதியம் விளக்குகள் எரிந்தன. நிதி கொடுக்கும் துறையின் அதிகாரிகள் கைதட்டினார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் மொட்டைமாடியில் குருவி கிடந்ததைப் பார்த்தார்கள். வலது உள்ளங்கை கருகியிருந்தது.

*

ஓய்வு பெற்ற மின் ஆய்வாளர் வீட்டுக்கு அக்கா வந்தபோது அவர் ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி, திருப்புளியைக் கேட்கும் முன்பே நீட்டிக்கொண்டிருந்தான். எதையும் முந்திச் செய்வதால் வீட்டில் அவனுக்கு அவசரம் என்றே பெயர்.

"உட்காரும்மா. மெதுவா சொல்லு" என்றார் ஆய்வாளர்.

அவள் அந்தப் பள்ளியில்தான் ஆசிரியை. பிள்ளைகள் பல வருடங்களாகத் தகரக் கொட்டகையில் படித்தார்கள். புதுக் கட்டடத்துக்கு ஒரு துறை பணம் கொடுத்தது. அதன் கூரைமேல் சூரிய மின்சாரத்துக்கு இன்னொரு துறை.

"விசாரணையில என்னைக் கேட்டாங்க ஐயா. உன் தம்பி எப்பவும் படுதா போட்டு மூடிட்டுத்தான் வேலை செய்வானான்னு. ஆமா, ஒரு நாளும் தவறினதில்லைன்னு பெருமையா சொன்னேன். படுதா மடிச்ச மடிப்பு கலையாம பைக்குள்ள இருந்துச்சாம். அப்ப அன்னிக்கு அவன் மூடல, சொந்தக் கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சிட்டாங்க. என் வாயாலயே அவனைக் குற்றவாளி ஆக்கிட்டாங்க." அவள் குரல் உடையவில்லை. உடைந்து முடிந்த குரல் அது. "எனக்குப் பணம் வேண்டாம். அந்த வார்த்தை போகணும். அவ்வளவுதான்."

"கொலைதான் மாமா! யாரோ தள்ளி விட்டிருக்காங்க" என்றான் அவசரம்.

"தள்ளி விட்டா உள்ளங்கை கருகுமாடா? வண்டியை எடு."

போகும் வழியில் ஆய்வாளர் சில்லறைக் கேள்விகளாகவே கேட்டார். அன்று அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பிள்ளைகளைப் பாட வைத்துக்கொண்டிருந்தாள். விருந்தினர் கிளம்பும்வரை நிறுத்தக்கூடாது, மைக்கைச் சத்தமாக வை என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

"குருவியோட பொருளெல்லாம் உன்கிட்ட வந்துதா?"

"பையைப் போலீஸ் கொடுத்தாங்க. செருப்பை மட்டும் தலைமையாசிரியரே அன்னிக்குச் சாயங்காலம் காகிதத்துல சுத்திக் கொண்டுவந்தார். கையில கொடுத்துட்டு அழுதார்."

"கூரையில வெறுங்காலா நின்னானா?"

"இல்ல ஐயா. ரப்பர் காலணி மாட்டிட்டுத்தான் ஏறுவான். செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழ கழட்டி வைப்பான். செருப்பு கிடந்தா மேல ஆள் இருக்கு, யாரும் எந்த சுவிட்சையும் தொடாதேன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம்."



*

புதுக் கட்டடத்தில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. கூடத்துச் சுவரில் பளபளவென்று ஒரு பெரிய இன்வெர்ட்டர் பெட்டி. ஆய்வாளர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

"சில்லுனு இருக்கு" என்றார்.

"உயர்ந்த ரகம் போல மாமா."

"ரொம்ப உயர்ந்த ரகம்."

மொட்டைமாடியில் அவர் தரையில் மல்லாந்து படுத்து, தகடுகளுக்கு அடியில் தலையை விட்டார். அக்கா, தம்பி கிடந்த இடத்தைப் பார்க்காமல் தகடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு தகட்டின் அடியிலும் இரண்டு குட்டை ஒயர்கள் தொங்கின. நுனியில் சிவப்பு ரப்பர் மூடிகள், கடையிலிருந்து வந்தபடியே. தள்ளி, கீழே இறங்கும் தடித்த கேபிளின் முனை சுவரோரம் கிடந்தது.

படியிறங்கினால் எதிரே பழைய சாமான் கொட்டகை, பெரிய பூட்டோடு.

"உள்ளே என்ன?"

"படம் வரையிற தாள், பந்து, பாய். எல்லாம் இப்ப டீசல் நாத்தம். பிள்ளைங்க மூக்கைப் பொத்திட்டுத்தான் படம் வரையுதுங்க. சாவி தலைமையாசிரியர் சட்டைப் பையில இருக்கும். சாக்பீஸ் காணாமப் போகுதுன்னு அவர் யாருக்கும் தர மாட்டார்."

"கட்டடம் கட்டின காண்ட்ராக்டரையும் தலைமையாசிரியரையும் கூடத்துக்கு வரச் சொல்லும்மா."

*

காண்ட்ராக்டர் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் சுவரோரமாக நின்றார்.

"செத்தவனைப் பத்திக் குறை சொல்லக்கூடாதுதான்" என்று ஆரம்பித்தார் காண்ட்ராக்டர். "ஆனா படுதாவை விரிச்சிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்."

"எதுக்கு விரிக்கணும்?" என்றார் ஆய்வாளர். "ஒரு தகட்டுல வர்ற மின்சாரம் ஆளைக் கொல்லாது. வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்தாத்தான் கொல்லும். மேல ஒரு தகடுகூடக் கோக்கல. மூடியெல்லாம் போட்டபடி இருக்கு. அது அவனுக்குத் தெரியும். அதனாலதான் படுதாவை வெளிய எடுக்கல. மூட வேண்டிய நாளெல்லாம் மூடினவன், மூட வேண்டாத நாள்ல மூடல. இதுக்குப் பேர் கவனக்குறைவா?"

அக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப லைட்டு எப்படி எரிஞ்சது மாமா?" அவசரத்தால் பொறுக்க முடியவில்லை.

"நல்ல கேள்வி. இந்த வெயில்ல வேலை செய்ற இன்வெர்ட்டர் கொஞ்சமாவது சுடணும். திற அதை."

அவசரம் திருப்புளியோடு பாய்ந்தான். மூடி கழன்றது. உள்ளே எதுவும் இல்லை, ஒரு இணைப்புக் கட்டையைத் தவிர. கூரையிலிருந்து வந்த கேபிள் அதில் இணைந்திருந்தது. அதே திருகில், சுவர் ஓட்டை வழியாக வந்து வெட்டப்பட்ட இன்னொரு ஒயரின் மிச்சம்.

"அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் சாமான் கொட்டகை" என்றார் ஆய்வாளர். "அங்க ஒரு ஜெனரேட்டர் ஓடுச்சு. சத்தம் கேட்காம இருக்கப் பிள்ளைங்க பாடுச்சுங்க. ஜெனரேட்டர் மின்சாரம் விளக்குக்கும் போச்சு, அதே திருகு வழியா கூரை கேபிளுக்கும் ஏறுச்சு. மேல அவன் செத்த கேபிள்னு நினைச்சுப் பிடிச்சான். இரும்புச் சட்டத்துல சாஞ்சிருப்பான், ரப்பர் காலணி உதவல. கீழேயிருந்து சாவு வரும்னு எந்த மின் வேலைக்காரனும் எதிர்பார்க்க மாட்டான்."

பாடியது தன் வகுப்பு. இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா என்று கையசைத்தது அக்காதான்.

"கட்டடத்துறைக்காரன் விளக்கு எரிஞ்சாத்தான் கடைசித் தவணைங்கிறான்" என்று கத்தினார் காண்ட்ராக்டர். "மின்துறைக்காரன் கட்டடம் முடிஞ்சதுன்னு சான்று வந்தாத்தான் இன்வெர்ட்டர்ங்கிறான். வருஷக் கடைசி. விட்டா ரெண்டு பணமும் போயிடும். நான் என்ன பண்ண? அவனைத் தகடு வரிசையை ஒழுங்கா காட்டத்தான் அனுப்பினேன். அதுக்குள்ள இறங்கியிருப்பான்னு நினைச்சேன்."

"நீங்க ஒயரை முறுக்கினீங்க. ஜெனரேட்டரை ஓட்டினது நீங்க இல்ல. கொட்டகைச் சாவி உங்ககிட்ட இல்ல." ஆய்வாளர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "சார், குருவியோட செருப்பை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படிக்கட்டுக் கீழ இருந்துச்சு."

"கொட்டகை வாசல்ல நின்னா நேரா தெரியுமே."

"தெரிஞ்சது." அவர் அக்காவிடம் பேசினார். "பார்த்தேன்மா. கூப்பிடணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அதிகாரிங்க வண்டி வாசலுக்கு வந்துடுச்சு. கத்தினா எல்லாம் வெளிய தெரிஞ்சிடும். ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். பிள்ளைங்க தகரத்துக்குக் கீழ மயங்கி விழுந்துச்சுங்க. உனக்கே தெரியும், எத்தனை வருஷம் இதுக்காக நான் அலைஞ்சேன்..."

"தெரியும் சார்" என்றாள் அவள். "பிள்ளைங்களுக்காகன்னு தெரியும். அதனாலதான் உங்களை மனசாரத் திட்டக்கூட முடியல. அந்த ஆறுதலையும் எடுத்துட்டீங்க."

காண்ட்ராக்டர் குரலை இறக்கினார். "டீச்சர், இது வெளிய போனா கட்டடத்துக்கு சீல் வெச்சிடுவான். பிள்ளைங்க திரும்பத் தகரக் கொட்டகைக்குத்தான். யோசிச்சுக்குங்க."

அவள் யோசித்தாள். தகரக் கூரையின் அனல் அவளுக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கணக்குப் போட்ட பெண்ணையும் தெரியும்.

"ஐயா, நீங்க சொன்னதையெல்லாம் எங்க சொல்லணுமோ அங்க சொல்லுங்க" என்றாள் ஆய்வாளரிடம்.

*

அவர் சொன்னார். கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள். தலைமையாசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். காண்ட்ராக்டருக்கு வேறொரு பேட்டையில் வேறொரு பள்ளி கிடைத்தது. தவறு அந்தத் துறையுடையது என்று இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டின. பிள்ளைகள் தகரக் கொட்டகைக்குத் திரும்பினார்கள். அவர்களின் அம்மாக்கள் கடைத்தெருவில் அக்காவைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள்.

திருத்திய முடிவோடு ஆய்வாளர் ஒரு மாலை அவள் வீட்டுக்கு வந்தார்.

"கவனக்குறைவுங்கிறதை எடுத்துட்டாங்கம்மா."

"அதுக்குப் பதிலா என்ன போட்டாங்க?"

"தவிர்க்க முடியாத விபத்து."

"தவிர்க்க முடியாத" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ரொம்ப நேரமா வெளிய நின்னீங்களா ஐயா?"

"மணியை அமுக்கினேன். யாரும் வரல."

அந்த மணி அடிப்பதில்லை. ஊர் வீட்டு மணியையெல்லாம் சரிசெய்தவன், இதை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான். அவள் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. வருகிறவர்கள் இன்றைக்கும் கதவைத்தான் தட்டுகிறார்கள்.