ரிவர்ஸில் ஏறும் பஸ்

முதல் பார்வைக்கு விலை, இன்னொரு முதல் பார்வை. ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காதல் சந்தையில் இந்த விலை செல்லுமோ என்னவோ… புதிர் விளையாட்டு செய்கிறவர்கள் சந்தையில் இதுதான் நடப்பு விலை.

ஏனென்றால் ஒரு புதிரை ஒரு மனிதர் ஒரே ஒரு தடவைதான் புதிதாகப் பார்க்க முடியும். விடை தெரிந்துவிட்டால் அந்தக் கண் பழைய சரக்கு. செய்தவளுக்கோ அந்தப் புதுக்கண் கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் கேம் ஜாம் என்று இணையத்தில் கூட்டம் கூடுகிறது. மூன்று நாளில் ஆளுக்கொரு விளையாட்டைச் செய்து கடை விரித்துவிட்டு, அடுத்த ஒரு வாரம் பண்டமாற்று. நீ என்னுடையதை விளையாடிக் கருத்துச் சொல், நான் உன்னுடையதை விளையாடிச் சொல்கிறேன்.

இந்தப் பண்டமாற்றில் ஷெர்லின் ஐந்து தடவை ஏமாந்தவள்.

போர்ட் பிளேரில், மீன் இறங்குகிற ஜங்லிகாட்டில், அவள் அப்பா வின்சென்ட்டுக்கு வலையும் கயிறும் விற்கிற கடை. குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. பேரம் கூடவே வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்த பெண் அவள். வலையைத் தடவிப் பார்த்து "நல்ல மால்" என்கிற ஆள், டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவான். முடிச்சை இழுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இதெல்லாம் ஒரு வலையா" என்கிறவன்தான் வாங்கப் போகிறவன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அவள் கற்ற பாடம் இது.

அப்படிப்பட்டவளுக்கு ஐந்து விளையாட்டுக்கும் வந்த கருத்து என்ன? 'மிக அருமை! என் கேமையும் பாருங்க.' அருமை, அருமை, அருமை… ஒருத்தர்கூட முடிச்சை இழுத்துப் பார்க்கவில்லை.

இது ஆறாவது. 'ஏத்தி இறக்கு' என்று பெயர்; செய்தவள் பெயர், வழக்கம்போல் 'தூண்டில்காரி'. வண்டிகளைப் படகில் ஏற்றி அடுக்க வேண்டும். அக்கரையில் முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். இதற்கும் அருமைதான் கூலி என்றால், லேப்டாப்பை மூடிவிட்டு அப்பா ஆசைப்படுகிறபடி முழு நேரமும் கல்லாவில் உட்கார்ந்துவிடுவது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முடிவு முடிவுதான்.

வடக்கே திக்லிபூரில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்புகிற வழியில், பாராடாங் படகு ஜெட்டியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி ஏற்றும் படகு அக்கரையில் நின்றது. பஸ்களை விட்டு இறங்கிய சனமெல்லாம் டீக்கடைத் தகரத்துக்கு அடியில் ஒண்டியது. பெஞ்சு ஓரத்தில் கிடைத்த ஒரு சாண் இடத்தில் அவளும் ஒட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒருவன் போனுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தான். நெற்றி முடியிலிருந்து மழைத்துளி சொட்டச் சொட்ட, துடைக்கக்கூடத் தோன்றாமல்… புருவம் சுருங்கி, உதட்டைக் கடித்து… அப்படி என்னதான் பார்க்கிறான் என்று இவள் ஓரக்கண்ணை ஓட்டினாள்.

அவளுடைய படகு. அவளுடைய நீல லாரி. அவளுடைய பஸ்.

அடுத்த நொடியே சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் மொத்தமே இருபது பேர் தொட்டிருக்கிற விளையாட்டு. அதில் ஒருத்தன், இந்த மழையில், இந்த பெஞ்சில், என் பக்கத்தில்தான் உட்கார்ந்து விளையாட வேண்டுமா? அப்பா பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளையா? யாராவது அனுப்பிய ஆளா? எதுவுமே காரணம் இல்லாமல் இவ்வளவு மலிவாகக் கிடைத்தால், சரக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இங்கேதான் நெட்டே இல்லையே, என்ன கேம் அது என்று கேட்டு வைத்தாள், மழையைப் பார்க்கிற மாதிரி. இறக்கி வைத்துக்கொண்டு வந்தேன் என்றான் அவன், நிமிராமல்.

"ஜாம் கேமுங்க. தூண்டில்காரின்னு யாரோ ஒரு பொண்ணு பண்ணுனது."

"எப்படி இருக்கு?"

"மூளை இருக்கு. இரக்கம்தான் இல்ல."

ஷெர்லினுக்குக் காதோரம் சூடேறியது. கோபமா, வேறு எதுவுமா… அவளுக்கே பிடிபடவில்லை. செய்தவள் பக்கத்தில் இருப்பது தெரியாமல் ஒருவன் விளையாடுவதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வாயை இறுக்கிக்கொண்டாள். அவனோ மடை திறந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனான். முதல் கட்டத்திலேயே மூன்று வண்டி எதற்கு, ஒன்று போதாதா. ஆட்டோ இறங்குகிற சத்தம் காதைக் கிழிக்கிறது. தப்பாக வைத்ததை ஒரு படி பின்னால் எடுக்க வழியில்லை, மறுபடி முதலிலிருந்து… ஒவ்வொரு குறைக்கும் அவளுக்குள் ஒரு குத்து, ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் ஒரு குளிர்ச்சி. முடிச்சை இழுத்துப் பார்க்கிறான். ஆறு விளையாட்டில் முதல் ஆள்.

ஏழாவது குறை ஆறாவது கட்டத்தில் வந்தது. பஸ்ஸைத் தள்ளினான், இழுத்தான்; நகரவில்லை. மறுபடி. மறுபடி. இது உடைந்த கேம் என்று அவன் மூட விரல் வைத்ததும், அவளால் தாங்க முடியவில்லை.

"அந்த பஸ்ஸ அழுத்திப் பிடிச்சா… ரிவர்ஸ்ல ஏறுமோ என்னமோ."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாக. மழை நனைத்த இமைகளுக்குள் அகலமான, கருத்த கண்கள். அதில் ஒரு கேள்வி வந்தது… நின்றது… போய்விட்டது. "அட, ஆமாங்க" என்றான். பஸ் ரிவர்ஸில் ஏறியது.

படகு வந்தது. கம்பியோரமாக நின்றுகொண்டும் அவன் விடவில்லை. அக்கரை வருவதற்குள் இன்னும் நான்கு குறை. ஏழாவது கட்டம் ஆறாவதைவிடச் சுலபம், இடம் மாற்றிப் போட வேண்டும் என்றான். எட்டாவதைத் தூக்கத்தில் செய்திருப்பாள் போல என்றான். இடையில் தன்னைப் பற்றியும் சொன்னான். பெயர் அன்பழகன். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தத் தீவுகளுக்கு ரப்பர் வெட்ட வந்த குடும்பம். திக்லிபூரில் போனும் பிரிண்டரும் ரிப்பேர் பார்க்கிறான். மாதம் ஒருமுறை ஸ்பேர் வாங்க போர்ட் பிளேர். அவனுடைய விளையாட்டும் இதே ஜாமில் இருக்கிறதாம், 'ஒற்றை விளக்கு'.

"நீங்க?"

கேட்டதும் முதல் விலையைச் சொல்லிவிடுகிற குடும்பமா அவளுடையது?

"வசந்தகுமாரி" என்றாள்.

அக்கரையில் அவன் ஏறியது வெள்ளை பஸ், இவள் ஏறியது அரசாங்க பஸ். கையசைத்தான். நம்பர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள், கேட்காததற்கும் சந்தேகப்பட்டாள்.

போர்ட் பிளேர் திரும்பி, மரைன் ஹில் வீட்டில் நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை, ஜாம் பக்கத்தைத் திறந்தாள். புதிதாக ஒரு கருத்து. 'ஒற்றை விளக்கு' அன்பழகன். ஐந்து நட்சத்திரம்.

'மிக அருமை.'

அவ்வளவுதான். பதினோரு குறை எங்கே? அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெட்டியில் பேசியது ஒரு விலை, பலகையில் எழுதியது ஒரு விலை. இவனும் பத்தோடு பதினொன்று. இல்லை… அதைவிட மோசம். ஆள் யாரென்று தெரிந்துகொண்டே நடித்திருந்தால்? அந்தக் கண்ணில் வந்து போன கேள்வி என்ன?

அவன் விளையாட்டைத் திறக்காமலே, அதன் பக்கத்தில் எழுதினாள்: 'மிக அருமை.' நாணயத்துக்கு நாணயம். பிறகு லேப்டாப்பைப் பையில் போட்டு அலமாரி உச்சியில் ஏற்றினாள். மறுநாள் காலையிலிருந்து கல்லா. வின்சென்ட்டுக்கு ஒரே சந்தோஷம். மகளுக்கு என்ன ஆயிற்று என்கிற சந்தேகமும் கொஞ்சம்.

இரண்டு நாள் கழித்து, அதே மழையைக் கூட்டிக்கொண்டு, அவன் கடைக்கு வந்தான்.

ஷெர்லின் பின்பக்கம் வலைக் குவியலை எண்ணிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒரு நைலான் கயிற்றைக் கையில் எடுத்தான். ரொம்ப நல்ல கயிறு என்றான். இவ்வளவு நல்ல கயிற்றைத் தான் பார்த்ததே இல்லை என்றான். வின்சென்ட்டின் கண் சுருங்கியது. வழக்கம்போல் பாதிக்குப் பாதி ஏற்றி ஒரு விலை சொன்னார். அவன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

வின்சென்ட் மெல்ல எழுந்து பின்பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏ ஷெர்லி, சொன்ன வெலையக் குடுத்துட்டான். பேரமே இல்ல. இவன் கயித்துக்கு வந்தவன் இல்ல, பாத்துக்க."

அதற்குள் அவன் கேட்டான், இங்கே வசந்தகுமாரி என்று யாராவது…

"அப்படி யாரும் இங்க இல்ல," என்று எழுந்து நின்றாள் ஷெர்லின்.

அவன் சிரித்தான். "இருக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்ங்க. கேமையே மறைச்சவங்க பேர மட்டும் நெசமாவா சொல்லியிருப்பாங்க? ஆறாவது கட்டத்துல நீல லாரி மேல 'வின்சென்ட் வலைக்கடை, ஜங்லிகாட்'னு எழுதியிருக்கு. கடைப் பேரு மட்டும் நெசமா இருக்கும்னு நம்பி வந்தேன்."

அப்பாவுக்குத் தெரியாமல் ஆசையாக வரைந்த லாரி. அப்பா இப்போது அவளைப் பார்க்கிறார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எப்பத் தெரியும், நான்தான்னு?"

"ரிவர்ஸ்னு சொன்னீங்கல்ல, அப்ப. வெளையாடுறவங்களுக்கு அது தெரிய வழியே இல்ல. பண்ணுனவங்களுக்குத்தான் தெரியும்."

அவள் மனம் படபடவென்று கூட்டிப் பார்த்தது. ரிவர்ஸுக்கு முன்னால் ஏழு குறை. பின்னால் நான்கு. அப்படியானால் எட்டாவது கட்டத்தைத் தூக்கத்தில் செய்தது என்று… தெரிந்தே, அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். தராசு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் நின்றிருக்கிறது. ஆனாலும் ஒரு ஓட்டை பாக்கி.

"அப்புறம் எதுக்கு அந்த 'மிக அருமை'?"

"பொதுவுல வேற என்னங்க எழுத ஏலும்? மத்த குறையெல்லாம் உங்ககிட்டயே சொல்லியாச்சு. பஸ்ஸு ரிவர்ஸ்ல ஏறும், அதுக்கு ஒரு குறிப்பும் இல்லன்னு எழுதினா, அது குறை இல்ல, விடை. அடுத்து வர்றவனோட முதல் பார்வைய நான் திருடுன மாதிரி ஆயிடும். தனியாச் சொல்லலாம்னா…" அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "நம்பர் இல்ல. பேரும் பொய்ப் பேரு."

மழை ஓட்டுக்கூரையில் தடதடத்தது. வின்சென்ட் ஒரே கயிற்றை மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான். "பன்னெண்டாவது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

போனை எடுத்து வைத்தான். கடைசிக் கட்டம். வண்டியெல்லாம் ஏறி முடிந்திருந்தது. கரையில் ஒரு சின்னப் பெண், சிவப்புக் குடையோடு. வெறும் இடமாக இருக்கிறதே என்று அவள் போகிற போக்கில் வரைந்து வைத்தது.

"எல்லாத்தையும் ஏத்திட்டீங்க. இவங்கள மட்டும் மழையில விட்டுட்டீங்க."

"அது… சும்மா அழகுக்கு வரஞ்சது."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ரூம்ல ரெண்டு நாளா மாத்தி மாத்தி அடுக்கிப் பாத்தேன். பஸ்ஸ ரிவர்ஸ்ல ஏத்தி, லாரிய ஓரங்கட்டினா, கம்பியோரமா ஒரு கட்டம் மிஞ்சுது பாருங்க."

மிஞ்சியது. செய்தவளுக்கே தெரியாத ஓர் இடம், அவள் படகில், மழைக்கு ஒதுங்கி, காலியாக… அவள் விரல் அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றது. பாராடாங் படகில் அவர்கள் இருவரும் நின்ற அதே மூலை.

"அந்தப் புள்ள தனியா நிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க ஏலலங்க," என்றான். நிமிராமலே சொன்னான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. "கேம்லயும்… வெளியிலயும்."

இதுவும் நடிப்பா என்று கேட்க, பழக்க தோஷத்தில் சந்தேகம் எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு இந்தத் தடவை உட்கார இடம் கிடைக்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மெதுவாக. "உங்க கேமுக்கு மிக அருமைன்னு எழுதினேன்ல… நான் அதத் திறக்கவே இல்ல. கோவத்துல எழுதினது."

அவனுக்கு முகம் வாடும் என்று எதிர்பார்த்தாள். அவன் கண் விரிந்தது.

"அப்ப உங்க முதல் பார்வை இன்னும் அப்படியே இருக்கா?"

"இருக்கு" என்றாள். என்னவோ… அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

கல்லா மேஜையிலேயே போனை வைத்து 'ஒற்றை விளக்கை' இறக்கினாள். தீவு நெட், ஆமையாக ஊர்ந்தது. இறங்கியதும் விளையாடத் தொடங்கினாள். அவன் எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், அவள் விரல் போகிற திசையெல்லாம் உடம்பை வளைத்துத் தவித்தான். ஜெட்டியில் தான் பட்ட பாட்டை அவன் படுவதை அவள் ஓரக்கண்ணால் ரசித்தாள். லேப்டாப்பை இன்றைக்கே கீழே இறக்க வேண்டும், பஸ்ஸுக்கு ஒரு குறிப்பு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சிவப்புக் குடையை…

"ஒரு குறை," என்றாள் நிமிர்ந்து. "விளக்கு எரியுறதுக்கு முன்னாடியே கப்பல் கெளம்பிடுது. பண்ணுனவரு அவசரக்காரரு போல."

"மீதி?"

"மொத்தமாத் தர முடியாது. மாசம் ஸ்பேர் வாங்க வருவீங்கல்ல… மாசம் ஒண்ணு."

அவன் பேரம் பேசவில்லை. வின்சென்ட் பெருமூச்சு விட்டபடி, கயிற்றுக்கு அதிகமாக வாங்கியதை எடுத்து மேஜையில் வைத்தார். மருமகனாகப் போகிறவனிடம் லாபம் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை போலும்.

கணக்கு இப்படி நிற்கிறது. முதல் பார்வைக்கு முதல் பார்வை, சரிக்குச் சரி. அவள் சொன்ன பொய்ப் பெயருக்கு, தெரிந்தும் தெரியாதவன் போல அவன் நின்றது, அதுவும் சரிக்குச் சரி. குறைகள்: அவள் பெற்றது பன்னிரண்டு, கொடுத்தது ஒன்று.

பாக்கி பதினொன்று.