ஐஸ் பெட்டியில் இருந்த மருந்து

விடிந்ததும் கார்குழலி தேடியது ஐஸ் பெட்டியைத்தான். குழாயடியில் அது இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

“அத்தே... என் ஐஸ் பெட்டி எங்க?”

மாமியார் குப்பம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவே இல்லை. “உம்புருசன் எத்துகினு போய்ட்டான். போட்டுல மீனு ரொம்பி வழியுதாம். இன்னாத்துக்கு இப்புடி முயிக்கிற? உள்ள தங்கமா வச்சிருந்த?”

தங்கமாக இருந்தால் கவலையே இல்லையே! உள்ளே இருந்தது பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு சின்ன மருந்துப் புட்டி.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் மார்பில் வந்த புற்றுநோயை ஆஸ்பத்திரியில் குணமாக்கிவிட்டார்கள். ஆனால் அதற்காக ஏற்றிய மருந்து விரல் நரம்புகளைக் கெடுத்துவிட்டுப் போனது. ஐஸைத் தொட்டால் வலியில் உயிர் போகும். ஐஸைத் தொடாமல் மீன் விற்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு விற்றாள் புண்ணியவதி. அவளைப் பிழைக்க வைக்கச் சொந்தப் படகையே விற்றுவிட்டு, இன்று அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறான் புருஷன் மனோகரன். அவனிடம் போய் ‘இன்னும் வலிக்குது’ என்று எந்த வாயால் சொல்வாள்?

அவள் ஐஸ் அள்ளும்போது துடிப்பதைக் கண்டுபிடித்து வைத்தியரிடம் கூட்டிப் போனவன் கொழுந்தன் வெற்றி. ஆறு வருடத்துக்கு முன் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டுப் புழல் ஜெயிலுக்குப் போய் வந்தவன். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது. கஞ்சா என்ற பேச்சும் எடுக்கக் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால், அண்ணிக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தே கஞ்சா இலையில் செய்ததுதான். ஃபிரிட்ஜில் வைத்தால் மாமியார் கண்ணில் படும் என்று, வேறு யாரும் தொடாத தன் ஐஸ் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். மனோகரன் உள்ளே வந்து, மீன் செதில் ஒட்டிய புட்டியை ‘டொக்’கென்று தரையில் வைத்தான்.

“இது இன்னாமே?”

“மருந்துய்யா...”

“மருந்தா? ஏலத்துல பெட்டியக் கவுத்தா மீனோட இது உருண்டு வருது! ஏலம் உடுற ஜெயவேலு அதே தொண்டைல ‘கஞ்சா இலை’ன்னு படிக்கிறான். குப்பமே நின்னு சிரிக்குதுமே!”

குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ! மாதவரம் பஸ் ஸ்டாண்டுல வெற்றியோட இவள பாத்ததா மீன்காரிங்க சொன்னப்பவே நெனச்சேன்... ஒர்த்தன் புழலுக்குப் போனது பத்தாதா? நீயும் போவணுமா?”

“டாக்டரு எழுதிக் குடுத்தது அத்தே!”

“அப்ப சீட்டு எங்க?” என்றான் மனோகரன்.

சீட்டை வெற்றி வாங்கிப் போய் இரண்டு நாளாகிறது. கையில் காகிதம் இல்லாமல் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் கார்குழலி.

“சீட்டு வர்ற வரிக்கும் நான் இந்த வூட்ல இல்லய்யா. எங்கம்மா வூட்டுக்குப் போறேன். திருடி மாதிரி உன் மூஞ்சியப் பாத்துகினு என்னால இருக்க முடியாது...”

“அண்ணி! போவாத!”

தெருவிலிருந்து குரல். வெற்றி! ஜெயவேலு போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். தூக்க முடியாமல் ஒரு ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன், வாசற்படியில் கால் வைக்காமல் நின்றான்.

“லேமினேசன் பண்ணத்தாண்ணே எத்துகினு போனேன்! மீன் தண்ணி பட்டு அயிஞ்சிடும்னு...” பளபளவென்ற சீட்டைத் தூக்கிக் காட்டினான். “ரிஜிஸ்டர் பண்ண டாக்டரு. கையெயுத்து, சீலு, அண்ணி பேரு, எத்தினி சொட்டுன்னு எல்லாம் கீது. லைசென்ஸ் உள்ள கம்பெனி செஞ்ச மருந்து. கஞ்சாச் செடியோட பூவும் நுனியும் வச்சிருந்தாத்தான் கேசு, இது இலைல செஞ்சது, டாக்டரு சீட்டுக்குத்தான் குடுப்பாங்கன்னு அவுரே சொன்னாரு. பழைய ரிப்போர்ட்டு இல்லாம வந்தீங்கன்னு ரெண்டு தபா திருப்பி அனுப்புனாரு. மூணாவது தபாதான் எழுதிக் குடுத்தாரு. நான் பட்டது போதும்ணே... சீட்டு இல்லாம ஒரு சொட்டு வாங்க உடுவனா?”

மனோகரன் சீட்டை வாங்கினான். அவன் கண் ‘நரம்பு வலி’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“உனுக்கு... இன்னும் வலிக்குதா குழலி?”

“வலிச்சிதுய்யா. ரெண்டு மாசமா இத்தப் போட்டுகினதுல ரொம்பக் கொறஞ்சிடுச்சி.”

“எங்கையில ஒரு வார்த்த சொல்லக் கூடாதாமே?”

“போட்ட வித்த அன்னிக்கு கரைல நின்னு நீ அயுததப் பாத்தேன்யா! அதுக்கு மேல எப்புடிச் சொல்லுவேன்?”

அவ்வளவுதான். புயலுக்கு அஞ்சாத மனுஷன் அவள் இரண்டு கைகளையும் முகத்தில் ஒற்றிக்கொண்டு குழந்தையாய் விம்மினான். “போட்டு போனா மசுரே போச்சுமே... நீ பல்லக் கடிச்சிகினு கெடந்தியே...!”

குப்பம்மா மூக்கைச் சிந்திவிட்டு வாசலைப் பார்த்தாள். சின்ன மகன் இன்னும் வெயிலில் நின்றிருந்தான்.

“இன்னாடா அங்கியே நின்னுகினு கீற? உள்ள வாடா!”

ஆறு வருடத்துக்குப் பிறகு வெற்றி படியேறினான். மனோகரன் ஒரு கையால் அவனையும் இழுத்து அணைத்துக்கொண்டான். குப்பம்மா புட்டியைக் கழுவித் துடைத்து, ஃபிரிட்ஜில் தன் மோர்ச் சொம்பை நகர்த்திவிட்டு அங்கே வைத்தாள்.

“ஏண்டா... எம் முட்டிக்கு இதுல ரெண்டு சொட்டு...?”

“சீட்டு கீதா?” என்றான் வெற்றி, கண்ணைத் துடைத்தபடியே.

வீடே அதிரச் சிரித்தது.

மத்தியானம் கொடுவா மீன் குழம்பு. அந்த வீட்டில் மீன் தலை எப்போதும் கடலுக்குப் போய் வந்த ஆணுக்குத்தான். குப்பம்மா வழக்கம்போல மனோகரன் தட்டில் வைத்தாள். அவன் அதை எடுத்துக் கார்குழலியின் தட்டில் வைத்தான்.

“அடுத்த மாசம் டாக்டராண்ட வெற்றியையும் கூட்டிகினு மூணு பேருமாப் போலாம்,” என்றவன் அவளைப் பார்த்துப் பதறினான். “இன்னாமே, அயுவுற? வலிக்குதா?”

“வலிக்கலய்யா...” மீன் தலையைத் தன் விரல்களாலேயே பிட்டபடி சொன்னாள் கார்குழலி. “வலிக்கலன்னுதான்யா அயுவுறேன்!”