யாகப்புவின் மத்தியான ஹோர்ன்

கரம்பொன்னில் அல்போன்சம்மாவின் வீட்டுப் படலையைத் திறந்தபோது அரியநாயகத்தின் கண்ணில் பட்டது லொறி இல்லை, கோழிகள். பெட்டிக்குள் கோழி, கூரையில் கோழி, ஸ்டியரிங் வளையத்தில் ஒரு சேவல். அந்தச் சேவல் வலமும் இடமும் திரும்பிப் பார்த்த தோரணைக்கு, அதற்கு லைசென்ஸ் இருக்கிறதென்று எந்த நீதவான் கோட்டிலும் சத்தியம் செய்யலாம்.

அந்த லொறியின் வயதைப் பற்றித் தீவுப்பகுதியில் இரண்டு கட்சி இருந்தது. ஒல்லாந்தர் ஓடிவிட்டு விட்டுப்போனது என்றது ஒரு கட்சி. இல்லை, அதற்கும் முன்னால் பறங்கியர் கோட்டைக்குக் கல் ஏற்றிப் பறித்த லொறி என்றது மற்றக் கட்சி. ஆனால் அது எழுபத்துமூன்றாம் ஆண்டு. புது லொறி நாட்டுக்குள் வராத காலம். சில்லு உருண்டால் அது பொன்.

"கோழியைக் கலைச்சுப்போட்டு ஏறிப் பாரும் தம்பி," என்றாள் அல்போன்சம்மா. "ஒரு கிழமை ஓடிப் பாரும். பிடிச்சால் விலை பேசி வைச்சிரும். பிடிக்காட்டிக் கொண்டந்து விடும்."

"அக்கா, ஹோர்னைக் காணேல்லை?"

"கழட்டிப்போட்டன்."

"ஹோர்ன் இல்லாமல் ஆடு மாடு விலகாதே?"

"தலையை வெளியிலை நீட்டிக் கத்தும்."

சிரித்தபடி அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. திறந்திருந்த குசினிக்குள், அகப்பைகளுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் அந்தக் கறுத்த ஹோர்ன் தொங்கியது. அறுத்த வயர் வால்போலக் கீழே நீண்டிருந்தது.

அரியநாயகம் சுருவில்காரன். தலைமயிர் கறுப்பாக இருந்த நாளிலிருந்து அது நரைக்கும் வரை பட்டினத்துக் கம்பனி ஒன்றுக்கு லொறி ஓடினவன். கம்பனியில் சம்பளம் உண்டு, லீவு உண்டு, தீபாவளிக்குச் சேட்டுத்துணி உண்டு. ரயர் வெடித்தால் அது கம்பனியின் தலையிடி. எல்லாம் சரி. கதவில் எழுதியிருந்த பெயர் மட்டும் அவன் பெயரில்லை. சில காலைகளில் லொறியைக் கழுவுமுன், கதவுப் புழுதியில் விரலால் 'அரியநாயகம், சுருவில்' என்று எழுதுவான். சற்றுநேரம் தள்ளிநின்று பார்ப்பான். பிறகு வாளித் தண்ணீரை ஊற்றுவான்.

"கம்பனிக்கு ஓடுறவன் சாகுமட்டும் டிரைவர்தான்," என்றான் வீட்டில். "சொந்தமா ஓடினால் முதலாளி."

"ஓம், ஓம்," என்றாள் மனைவி இராசேஸ்வரி. "முதலாளியும் நீங்கள், டிரைவரும் நீங்கள், மூட்டை தூக்கிறதும் நீங்கள். சம்பளம் மட்டும் மூண்டு பேருக்கும் இல்லை."

கம்பனி மனேச்சர் நடராசா அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். "ஐசே, ஒரு கிழமை லீவு. திங்கட்கிழமை வந்தால் உம்மடை லொறி உமக்கு. வராட்டி வேறை ஆளுக்கு. பிறகு வந்து கேற்றிலை நிக்கப்படாது."

ஆக, ஒரு கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். கோழிகளைக் கலைத்துவிட்டு ஏறினான். இருக்கையின் ஸ்பிரிங்குகள் வேறொருவனின் உடம்புக்குப் பதிந்திருந்தன. பழைய சுருட்டு மணம் அடித்தது.

அந்த உடம்பு யாகப்புவுடையது. அல்போன்சம்மாவின் புருஷன். அவனும் ஒரு காலத்தில் கம்பனி டிரைவர்தான். விட்டுவிட்டுச் சொந்த லொறி வாங்கினான். ஒவ்வொரு மத்தியானமும், மாதா கோயில் மணி அடித்து ஓய, ஊர் எல்லைப் பனை வளைவில் அவன் ஹோர்ன் கேட்கும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கேட்டதும் அல்போன்சம்மா அடுப்பை ஊதி மீனை எண்ணெய்க்குள் போடுவாள். அவன் லொறியை மரத்தடியில் விட்டு, கால் கழுவி வந்து குந்த, மீன் பொரிந்திருக்கும். அந்த ஹோர்னுக்குக் கரம்பொன் பூனைகளெல்லாம் அவள் குசினி வாசலில் வரிசையில் நிற்கும் என்றும், ஊர்காவற்றுறைப் பூனைகள் பஸ் பிடித்து வரும் என்றும் சொல்வார்கள்.

ஒருநாள் காலை அவனுக்கு நெஞ்சு நோ. வீட்டில் நிற்கச் சொன்னாள். "கம்பனிக்காரனெண்டால் லீவு எழுதிக் குடுக்கலாம். எனக்கு ஆரடி லீவு தாறது?" என்றுவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் வளைவில் ஹோர்ன் கேட்டது. நிற்கவேயில்லை.

ஊர் முழுக்கச் சிரித்தது. "யாகப்புவுக்கு இண்டைக்கு நல்ல பசி!" அல்போன்சம்மாவும் சிரித்தாள். "பொறுங்கோ, பொறுங்கோ, அந்தரப்படாதையுங்கோ," என்று சொல்லிக்கொண்டு இன்னொரு மீனையும் எண்ணெய்க்குள் போட்டாள். சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, ஆட்டுக்குட்டி கத்துவதுபோலாகி, பற்றரி செத்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் யாரோ நடந்து போய்ப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கின் மேல் நெஞ்சு கிடக்க, அவன் விறைத்துப் போயிருந்தான்.

அந்தக் கதையை அரியநாயகமும் அறிவான். தீவில் அறியாதவர் இல்லை. ஆனாலும் லொறி இரும்புதானே என்று நினைத்தான்.

முதல் நாள் வெங்காயம் ஏற்றிப் பட்டினத்தில் இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு திரும்பினான். உச்சி வெயில். பனைகளின் நிழல் அடிமரத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது. றோட்டு உப்புப்போல வெளுத்திருந்தது. ஒரு காகம் இல்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

வளைவு வந்தது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

பின்னால் வேறு லொறி வருகிறதாக்கும் என்று கண்ணாடியைப் பார்த்தான். வெறும் றோட்டு.

ஸ்டியரிங் அவன் உள்ளங்கைக்குள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

தூரத்தில், அல்போன்சம்மாவின் குசினிக் கூரைக்கு மேல், மெல்லிய புகை எழுந்தது.

அடுத்த நாள் இராசேஸ்வரியையும் ஊர்காவற்றுறைச் சந்தைக்கென்று ஏற்றிக்கொண்டான். துணைக்கு என்று சொல்ல வெட்கம். அவள் வழியெல்லாம் லொறியில் குறை கண்டு நொட்டை சொல்லிக்கொண்டே வந்தாள். கோயில் மணி அடிக்க, பேச்சை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"உதென்ன இப்ப செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்?"

"சிலுவை போட்டனீங்கள்."

"உனக்கென்ன விசரே?"

அவள் கையை நீட்டி அவன் சேட்டைத் தொட்டுக் காட்டினாள். காலையில் நெற்றியில் பூசிய திருநீறு அங்கே இல்லை. சேட்டின் நெஞ்சில் ஒரு பொட்டு, இரண்டு தோளிலும் ஒவ்வொரு பொட்டு.

வளைவில் ஹோர்ன் அடித்தது.

அதன் பிறகு சுருவில் வரும்வரை இராசேஸ்வரி ஒரு நொட்டையும் சொல்லவில்லை. இறங்கும்போதுதான் மெல்லக் கேட்டாள். "கம்பனி லொறியிலை இப்பிடி ஏதும் இருந்ததோ?"

வெள்ளிக்கிழமை தனியே வந்தான். வளைவு தாண்டியதும் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. வீடு திரும்பும் மாடு கயிற்றை இழுப்பதுபோல. பிறேக்கை மிதித்தான். கால் மிதித்தது, லொறி கேட்கவில்லை. ஆறுதலாக உருண்டு அல்போன்சம்மாவின் வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கி, திறந்திருந்த படலைக்குள் புகுந்து, வேப்பமரத்தடியில் நின்றது.

அவன் இறங்கினான்.

கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினான்.

குசினிக்குள் போய், சுவரோரம் கிடந்த பலகையில் குந்தினான். அது தன் இடம் என்று முதுகுக்குத் தெரிந்திருந்தது.

அல்போன்சம்மா அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமலே பேசினாள். "ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள்? ஆறப்போகுது, சாப்பிடுங்கோ."

அக்கா, இது நான், அரியம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"சில்லுக் காத்துப் போட்டுதப்பா," என்றது அவன் வாய். சுருட்டுக் கரகரத்த குரல்.

சுவரில் தொங்கிய ஹோர்னின் வயர், காற்றில்லாத குசினிக்குள், இப்படியும் அப்படியும் ஆடியது.

சோற்றைப் பிசைந்தான். மீனைக் கிள்ளி வாயில் வைத்தான். வைத்ததும் நாக்கு அவனுடைய நாக்காகியது. பிறந்த நாளிலிருந்து அவன் வெள்ளிக்கிழமையில் மீன் தொட்டதில்லை. துப்பிவிட்டு எழுந்து நின்றான்.

அவள் திரும்பினாள். முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது.

"நீரோ தம்பி." அகப்பையைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை எண்டதை மறந்துபோனன். மன்னியும்."

"அக்கா, இது எத்தினை நாளா?"

"வருசமொண்டா லொறி முத்தத்திலை நிண்டது. ஒரு சத்தமில்லை. நீர் ஓடத் தொடங்கினாப்பிறகுதான் வாறார்." சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "லொறியை நீரே வைச்சிரும். எனக்கு ஒண்டும் தரவேண்டாம். மத்தியானத்திலை ஒருக்கா இந்த வளைவாலை வந்தால் அது போதும்."

சும்மா ஒரு லொறி! தீவிலே வேறு யாரும் என்றால் கோழியோடு சேர்த்தே ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

"அப்ப நான் ஆரக்கா?" என்று கேட்டான்.

அவள் அடுப்புக் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டாள்.

வெளியே வந்து லொறிக் கதவைப் பார்த்தான். வெயிலில் வெளிறிய எழுத்து: யாகப்பு, கரம்பொன். அதை அழித்துத் தன் பெயரை எழுதலாம். எழுதியும் என்ன? கம்பனி முதலாளிக்குக் கையையும் காலையும் மட்டும்தான் கொடுத்திருந்தான். இந்த முதலாளி வாயையும் கேட்கிறான்.

லொறித் திறப்பைக் கழற்றி அவள் கையில் வைத்தான். அவள் கெஞ்சவில்லை. "சரி தம்பி," என்றாள். படலையைச் சாத்தும்போது சேவல் மறுபடி ஸ்டியரிங்கில் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை தீவுக்குச் சாமான் ஏற்றிக் கம்பனி லொறியை எடுத்தான். மத்தியானம் வளைவைக் கடந்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கை முகப்பில் அல்போன்சம்மா நின்றாள். கையில் கழுவின மீன்சட்டி. லொறி போனபின்னும் வளைவையே பார்த்து நின்றதைக் கண்ணாடியில் கண்டான். அன்றும் அடுத்த நாளும் குசினிக் கூரைக்கு மேல் புகை எழவில்லை.

மூன்றாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. கம்பனி ஹோர்னைத் தானே அழுத்தினான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

புகை எழுந்தது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. "ஐசே, கரம்பொன் வளைவிலை ஆருக்கு விசிலடிக்கிறீர்?" என்று நடராசா கேட்பார். "பூனையளுக்கு ஐயா," என்பான். ஹோர்னை அடித்துவிட்டு ஒருநாளும் நிறுத்தியதில்லை. அவள் அடித்தது யாரென்று அறிவாள். அறிந்துகொண்டே மீனை எண்ணெய்க்குள் போட்டாள். தன் பெயர் எழுதிய கதவொன்று கிடைக்காமலே அவனுக்குத் தலைமயிர் முழுதும் வெளுத்தது. புழுதியில் எழுதிப் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

ஓர் ஐப்பசி மழையில் அல்போன்சம்மா படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. தமக்கை மேரிஜோசப்பின் வந்து வீட்டைப் பூட்டினாள். இரும்புக்காரர் வந்து பழைய லொறியை வெட்டித் துண்டு துண்டாக ஏற்றிப்போனார்கள். கோழிகளையும் விற்றாயிற்று.

அடக்கம் முடிந்து சில நாளில் அரியநாயகம் அந்த வழியே வந்தான். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இனி யாருக்கு அடிக்கிறது?

அடிக்கவில்லை.

லொறி தானாக மெல்ல ஓய்ந்து ஒழுங்கை முகப்பில் நின்றது.

பூட்டிய வீட்டின் குசினிக் கூரைக்கு மேல் புகை எழுந்தது. பொரியும் மீனின் மணம் வந்தது.

இடப்பக்கக் கதவு திறந்தது.

மூடியது.

ஒரு ஆளின் பாரம் இறங்க, லொறியின் வில்லுகள் கிறீச்சிட்டு உயர்ந்தன. இத்தனை வருடமும் யாகப்பு பக்கத்தில் இருந்திருக்கிறான். கம்பனிக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

அரியநாயகத்துக்கு ஓடிப்போக மனம் வரவில்லை. ஒருவர் முள்ளெடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டுக் கைகழுவி வரும் நேரம் மட்டும் காத்திருந்தான். கண் கலங்கி றோட்டுத் தெரியவில்லை.

கதவு திறந்து மூடியது. வில்லுகள் தாழ்ந்தன. சுருட்டு மணத்தது.

"போவமோ அண்ணை?" என்று ரகசியமாகக் கேட்டான்.

 மெல்லத் திரும்பிப் பார்த்தான். பக்கத்து இருக்கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. தொட்டான். சுட்டது. பிரித்தான். பொரித்த மீன், ஒரு துண்டு.

அக்கா இந்தமுறை நாளை மறக்கவில்லை. அன்று வியாழக்கிழமை.