பரிவட்டத் தெரு

இப்போதெல்லாம் மனுஷனுக்குக் காசு கொடுத்தாவது யாராவது ஒருவர் கும்பிடு போட வேண்டியிருக்கிறது. வீட்டில் பிள்ளை மதிப்பதில்லை, வேலையிடத்தில் எந்திரம் மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு கிளம்பி வந்து, ஒரு பொம்மை "வாங்க ஐயா" என்றதும் உச்சி குளிர்ந்து போகிறார்கள். வெள்ளையப்பன் இதை மனதுக்குள் நினைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னார்.

"அப்பா, மெதுவா. முதலாளியம்மா நிக்கிறாங்க" என்றான் இளமாறன்.

"நிக்கட்டும். சாமியே இல்லாத தேரு. இதுல எவனுக்குடா பரிவட்டம்?"

"வர்ற எல்லாருக்கும்ப்பா."

மண்டியில் மூட்டை சுமந்து அவர் படிக்க வைத்த மகன் கட்டிய தெரு அது. தஞ்சாவூர் நெடுஞ்சாலையோரக் கேளிக்கைப் பூங்காவில், நெய்விளக்கு வாசனை, நாதஸ்வரம், மாடியில் காயும் புடவை வரைக்கும் அச்சு அசலாய் ஒரு தேரோடும் வீதி. உள்ளே வருகிறவர் கண்ணில் 'மெல்லாடி' என்ற காட்சிச் சவ்வை ஒட்டுவார்கள், காதில் குரல் ஒலிக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். அவ்வளவுதான். ஊரே திரண்டு நிற்க, அவர் ஒருவருக்கே முதல் பரிவட்டம். பக்கத்தில் நிற்கும் மற்ற பார்வையாளர்கள் அவர் கண்ணுக்கு வேட்டி கட்டிய ஊர்ச்சனமாகத் தெரிவார்கள். அவர்களில் ஒவ்வொருவர் கண்ணிலும் அதே கதை.

ஆனால் தேர் மட்டும் மெய்யானது. தேக்கு மரம், மெய்யான எடை. 'உணர்பாவைகள்' என்ற எந்திர ஆட்கள் அதை இழுப்பார்கள். மரத்தேர்தான் வேண்டும் என்று இளமாறன் அடம்பிடித்து வாங்கியிருந்தான். இன்று ஏதாவது பிசகினால் அவனுக்கு இதுதான் கடைசித் தெரு என்று முதலாளியம்மா தாட்சாயணி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

வெள்ளையப்பன் மெல்லாடி வேண்டாமென்றுவிட்டார். "என் கண்ணு எனக்குப் போதும்."

பாதி வீதியில் தேர் நின்றது. சித்திரை வெயிலில் பாவைகள் உள்ளே சூடேறி, கையில் வடத்தோடு அப்படியே உறைந்துவிட்டன. அந்த இடத்தில் வீதி குறுகல். தேரின் இரு பக்கமும் சுவர். வெளியேறும் வாசல் அதற்கு அப்பால். உள்ளே வந்த கதவோ ஆட்டம் முடிந்தால்தான் திறக்கும். குழந்தைகள் தண்ணீருக்கு அழுதன.

ஒருவரும் அசையவில்லை. அரைக்கால் சட்டை போட்ட ஒரு தடித்த ஆள் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "ஏய், என்ன பராக்குப் பாக்குற? வடத்தைப் பிடிச்சு இழு!" என்று அதட்டினார். அதே நேரத்தில் அவரும் இவரைப் பார்த்து அதையே அதட்டினார். இருவர் காதிலும் பொட்டு, "உத்தரவுங்க ஐயா" என்று பணிவாகச் சொன்னது. இருவரும் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். வீதி முழுக்க இதே கூத்து.

"கண்ணுல இருக்கிறத அணைடா!" என்று கத்தினார் வெள்ளையப்பன்.

"அணைச்சா டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பாங்க" என்றார் தாட்சாயணி.

இளமாறன் ஒரு கணம் முதலாளியம்மாவைப் பார்த்தான், அப்புறம் அப்பாவை. அணைத்துவிட்டான்.

ஜனங்கள் விழித்தார்கள். ஊர்ச்சனம் போய், எதிரே தங்களைப் போலவே வியர்த்து வழியும் மனிதர்கள். அப்போதும் கை நீளவில்லை. "இதுக்கெல்லாம் ஆள் வைக்கலையா?" என்றாள் ஒரு பெண்.

வெள்ளையப்பன் பாவையின் கையிலிருந்து வடத்தைப் பிடுங்கித் தோளில் போட்டார். இழுத்தார். தேர் அசையவில்லை. "எல்லாப் பயலுக்கும் பரிவட்டம் கட்டுனா எவன்டா வடம் பிடிப்பான்? வாங்கடா!"

இளமாறன் ஓடிவந்து அவர் பின்னால் பிடித்தான். பிறகு அந்தப் பெண். "என்ன சார், தொப்பை தடுக்குதா?" என்று அவள் கேட்டதில் தடித்த ஆளும் வந்தார். பிறகு எல்லோரும். அச்சு முனகியது. தேர் அரை முழம் நகர்ந்ததும் எழுந்த கூச்சல் இருக்கிறதே, அதை எந்தப் பொட்டும் எந்தக் காதிலும் வைத்ததில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையப்பன், உள்ளங்கை தோலுரிந்து நின்ற மகனைச் சுட்டிக்காட்டி, எதிரே கண்டவரிடமெல்லாம், "எம்பையன். எஞ்சினீயரு. வடம் பிடிச்சான் பாத்தீங்கல்ல?" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இளமாறன் வேலை தப்பியது. தப்பியதென்ன, உயர்ந்தது. ஒரு மாதம் கழித்து அப்பாவை மறுபடி அங்கே கூட்டிப்போனான்.

"அப்பா, காதுல வச்ச பொட்டு நாடியையும் அளக்கும். அன்னைக்கு வடம் பிடிச்சப்ப எல்லாருக்கும் நாடி துடிச்ச துடிப்புல பாதிகூடப் பரிவட்டம் கட்டும்போது வரலையாம். முதலாளியம்மாவே அசந்துட்டாங்க. இப்ப தெருவையே மாத்திட்டோம். தேர் நின்னு போகும். யாரும் பிடிக்க மாட்டாங்க. முதல் ஆளா நீங்க பிடிப்பீங்க. உங்களைப் பாத்து ஊரே வந்து பிடிக்கும்."

"யாரு, நானா?"

"யார் டிக்கெட் வாங்கினாலும் அவங்கதான். எல்லாருக்கும் அன்னைக்கு நீங்க நின்ன இடம்ப்பா. உங்க பேருகூடப் பலகையில இருக்கு."

இருந்தது. வெள்ளையப்பனுக்கு மார்பு கொஞ்சம் விம்மத்தான் செய்தது. மகனுக்காக மெல்லாடியைக்கூட ஒட்டிக்கொண்டார். தேர் நின்றது. ஊர் கைகட்டி நின்றது. அவர் முன்னால் போய் வடத்தைத் தோளில் போட்டார். முதல் இழுப்பிலேயே தேர் பஞ்சு மாதிரி வந்தது.

"எடை எங்கடா?"

"உள்ள மோட்டார் வச்சிருக்கோம். எடை இருந்தா முதுகு பிடிச்சுதுன்னு கேஸ் போடுவாங்கப்பா."

அவர் சவ்வை உரித்துப் போட்டார். சுற்றிலும் நூறு பேர், ஒருவரையொருவர் பார்க்காமல், தானே முதலில் பிடித்த ஆள் என்ற பெருமிதத்தில் பல்லைக் கடித்து முக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்களில் கண்ணீர்கூட. வெள்ளையப்பன் வடத்திலிருந்து கையை எடுத்தார். தேர் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"தெரு நல்லாக் கட்டியிருக்கடா. அதுல கொறை சொல்ல மாட்டேன்" என்றார். "அன்னைக்கு இழுத்தோம்ல, அது போதும் எனக்கு."

"இன்னொரு தடவை பாருங்கப்பா, பிடிச்சுப்போகும்."

"நீ பாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே பஸ் நிற்கும் பக்கமாக அவர் பாட்டுக்கு நடந்தார்.