அணில்கள் கொண்டுபோன கடலை

அணில்கள் சண்டை போடவில்லை. அதுதான் வெர்னாவின் கண்ணில் முதலில் பட்டது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, தீனிப் பலகையில் கொட்டிய வேர்க்கடலையை ஒன்றையொன்று துரத்தி, வாலால் அடித்து, கீச்சிட்டுப் பிடுங்கித் தின்னும் அந்தச் சாம்பல் நிற அணில்கள், இப்போது தேவாலயத்தில் நற்கருணை வாங்கப் போகிறவர்களைப் போல ஒவ்வொன்றாக ஏறின; ஆளுக்கொரு கடலையை ஓட்டோடு கவ்வின; தின்னாமல், புதைக்காமல், பனியின் மேல் ஓசையில்லாமல் ஓடி, பைன் மரங்களுக்கு அப்பால் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கமாக மறைந்தன.

தீனி போடுவது அவள் கணவர் ஹார்லனின் வேலை. தனக்குக் காபி ஊற்றிக்கொள்வதற்கு முன் அவற்றுக்குப் போட்டுவிடுவார். ஜனவரியில் அவர் இறந்தபோது மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. குளிர்காலத்தில் போகிற எல்லாரையும் போல அவரும் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில், பெட்டிக்குள், மண் இளகும் மே மாதத்துக்காகக் காத்திருந்தார். நகரத்துக்கு வந்துவிடும்படி மகள் கெஞ்சினாள். வெர்னா அசையவில்லை. கணவரின் ஹௌகன் குடும்பத்தில் யாரும் தங்கள் வீட்டுப் பிணத்தை ஊர்ப் பொறுப்பில் விட்டுப் போனதில்லை. ஹார்லன் குறைவில்லாமல், கௌரவமாக, ஒரு வாய் ஒரு சொல் சொல்ல இடமில்லாமல் மண்ணுக்குள் போக வேண்டும். அதன் பிறகு இந்த வீடு எப்படிப் போனாலும் சரி.

மதியம் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டெல்மர் வந்தான். பூட்ஸில் இருந்த பனியை வாசலில் தட்டினான்.

"உட்காரு. காபி சூடா இருக்கு."

"நின்னுக்கிட்டே குடிக்கிறேன், வெர்னா. பேன்ட் உறைஞ்சு கிடக்கு, உட்கார்ந்தா உடைஞ்சிரும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. ஹார்லன் கோட்டுப் பையில கடலை வச்சு அனுப்புனீங்களா?"

"ஒரு பிடி வச்சேன். அவர் பை என்னைக்கும் காலியா இருந்ததில்ல. அதுக்கென்ன இப்போ?"

"அறைக் கதவுக்குக் கீழ அணிலுங்க கடிச்சு ஓட்டை போட்டிருக்கு."

வெர்னாவின் முதுகு நிமிர்ந்தது. "அவரைத் தொட்டிருக்கா?"

"இல்ல. பெட்டி மூடினது மூடினபடி இருக்கு. ஓட்டைக்கும் இன்னைக்குக் காலையில தகரம் அடிச்சுட்டேன்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுப் போ. சபைப் பொம்பளைங்க காதுல விழுந்துச்சுன்னா, ஹௌகன் வீட்டுப் பிணத்தை அணில் சுரண்டுச்சுன்னு கேக்கைத் தின்னுக்கிட்டே பேசுவாளுங்க."

டெல்மர் கோப்பையைக் கையில் உருட்டினான். "அதுங்க எடுத்துட்டுப் போகல, வெர்னா. கொண்டு வந்து வைக்குதுங்க. பெட்டியைச் சுத்திக் கடலை குவியலா கிடக்கு. தோல் உடைஞ்சிருக்கு, பருப்பு அப்படியே இருக்கு. எந்த அணில் பருப்பை விட்டுட்டுப் போகும்?"

"வயிறு நெறஞ்ச அணில்."

"பிப்ரவரியிலயா?"

அவள் அவனுடைய தொப்பியை எடுத்து நீட்டினாள்.

அவன் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் டக் டக்கென்று சுருங்கின. குளிர்பதனப் பெட்டி பெருமூச்சு விட்டு நின்றது. ஆறிப்போன காபியின் கசப்பும் அவன் விட்டுச்சென்ற ஈரக் கம்பளியின் நெடியும் சமையலறையில் தேங்கி நின்றன. மாலை ஆவதற்குள்ளேயே வெளிச்சம் நீலமாகிக் கொண்டிருந்தது. அவள் மறுபடியும் கடலை கொண்டுபோய்க் கொட்டினாள்.

"அவருக்கு வேண்டாம்," என்றாள் மரங்களைப் பார்த்து. "அவருக்கு இனிமே ஒண்ணும் வேண்டாம். நீங்க தின்னுங்க."

ஓர் அணிலும் வரவில்லை.

பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அதற்கு அப்பால் ஒரு சத்தம்.

சின்னச் சத்தம். காய்ந்த ஓடு உடைகிற சத்தம்.

மறுபடியும்.

நிதானமாக. கட்டைவிரலால் உடைப்பது போல.

கதவிடுக்கு வழியாகப் பூச்சி உருண்டை வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் வாசனை. பெட்டியில் கிடத்தும் முன் அந்தக் கோட்டை அவளே தூசி தட்டி அவருக்குப் போட்டுவிட்டிருந்தாள்.

கண்ணாடியைத் துடைக்கவில்லை. துடைக்க முடியவில்லை.

ஆனால் அச்சத்துக்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றது. இந்த வீட்டு ஆண்மகன் பின்வாசல் குளிரில், பிச்சைக்காரனைப் போல, நின்றுகொண்டு தின்பதா? தெருவில் போகிறவர்கள் பார்த்தால்?

அவள் கதவைத் திறந்தாள்.

தீனிப் பலகையின் மேல் குனிந்த முதுகு. அவள் கத்தரித்துவிட்ட பிடரி முடி. அதில் உறைபனி.

"உள்ள வாங்க, ஹார்லன்," என்றாள். "உட்கார்ந்து சாப்பிடுங்க."

அவர் திரும்பினார்.

வாய் பிளந்தபடி சபையார் முன்னால் கிடக்கக் கூடாது, உதட்டை நல்லா இறுக்கித் தைங்க என்று பிணத்தைத் தயார் செய்தவரிடம் சொன்னவள் அவள்தான். அந்த மனிதர் கைதேர்ந்தவர். ஒரு தையலும் விடவில்லை.

ஹார்லனின் தோளில் ஓர் அணில் உட்கார்ந்திருந்தது. உடைத்த பருப்பை இரண்டு கைகளாலும் பிடித்து, அந்த மூடிய உதடுகளில் வைத்து, பொறுமையாக, குழந்தைக்கு ஊட்டுவது போல அழுத்தியது. பருப்பு விழுந்தது. அவர் இன்னொரு கடலையை உடைத்துக் கொடுத்தார். அணில் அழுத்தியது. விழுந்தது.

அவர் கண்கள் வெர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தன. பசியோடு. குறை சொல்லாமல்.